மிதவையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பவர்

செந்தூர்பாண்டி அண்ணன் அந்த நீளமான சிவப்புக் குழாயை வாயில் வைத்து ஊதி, மூடியைத் திருகி, தன் வலது கன்னத்தோடு ஒட்டி வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாக அதை நகர்த்துவார். நூலளவு காற்று கசிந்தாலும் அந்தக் கன்னத்துக்குத் தெரிந்துவிடும். அதற்காகவே அன்று காலையில் முகத்தைச் சுத்தமாக மழித்திருப்பார். மற்ற நாட்களில் அவர் முகத்தில் கத்தி படாது. கேட்டால், "தாடி இருந்தா காத்து வாறது தெரியாதும்மா" என்பார்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே இருக்கும் சுவர் என் தோளளவுதான். பல வருடங்களாக அங்கிருந்தே இதைப் பார்த்து வருகிறேன். ஆமத்தூரில் எங்கள் தெருவுக்கே இந்த வழக்கம் தெரியும். அவர் மழித்த முகத்தோடு வாசலுக்கு வந்தால், எங்கேயோ எதுவோ தண்ணீரில் விழுந்துவிட்டது என்று பொருள். டீக்கடையில், "என்னண்ணே, மாப்பிள்ளை கணக்கா இருக்கீக. மோட்டாரா, ஆளா?" என்று கேட்பார்கள். மோட்டார் என்றால் பதில் சொல்வார். ஆள் என்றால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஆள் உயரம் குறைவு, நெஞ்சு அகலம். கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். இளவயதில் தகப்பனாரோடு சண்டை போட்டுக்கொண்டு அந்தமானுக்குப் போனார். வெளியூர்க்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய் மீன் காட்டுகிற கம்பெனி ஒன்றில் சிலிண்டருக்குக் காற்று அடைக்கும் வேலை. பார்த்துப் பார்த்து அவரும் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கப் பழகினார். தகப்பனார் படுக்கையில் விழுந்ததும் திரும்பி வந்தார். வரும்போது இரண்டு சிலிண்டர், முகத்தில் மாட்டும் கண்ணாடி, வாத்துக்கால் போன்ற செருப்பு, இந்தச் சிவப்பையும் சேர்த்து மூன்று குழாய்கள் எல்லாம் கொண்டுவந்தார். கடலே இல்லாத ஊரில் இதை வைத்து என்ன செய்வார் என்று சிரித்தார்கள். கடல்தான் இல்லை. கிணறுகள் இருந்தன. கல் எடுத்துவிட்டுக் கைவிட்ட குவாரிக் குழிகள் மழைத் தண்ணீரில் நிரம்பிக் கிடந்தன. அவற்றில் மோட்டாரும் பைக்கும் விழுந்துகொண்டே இருந்தன. சில சமயம் மனிதர்களும்.

அவரிடம் ஒன்று கேட்டால் பதில் உடனே வராது. முதலில் மூச்சை நீளமாக வெளியே விடுவார். அது முடிந்த பிறகுதான் பேச்சு. தூரத்தையும் அவர் மூச்சில்தான் சொல்வார். வெளியூர்க்காரர் யாராவது வந்து ரேஷன் கடை எங்கே என்று கேட்டால், "பக்கந்தான், கொஞ்சம் மூச்சுத்தான் ஆகும்" என்று சொல்லி அனுப்புவார். வந்தவர் குழம்பிப்போய் என் வீட்டு வாசலில் மறுபடியும் கேட்பார்.

அந்தக் குழாய்க்கு ஊரில் புடலங்காய் என்று பெயர். அவர் மட்டும் மிதவை என்பார். தண்ணீருக்குள் இருப்பவர் கீழிருந்தபடியே அதில் கொஞ்சம் காற்றை விட்டு மேலே அனுப்ப வேண்டும். அதன் அடியில் கட்டிய கயிறு அவர் கையில் இருக்கும் உருளையிலிருந்து விர்ரென்று ஓடும். குழாய் மேலே போய் நிமிர்ந்து நின்றால், இங்கே ஒருவர் இருக்கிறார், இந்த இடத்தில்தான் மேலே வருவார் என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு நேரம் போவது தெரியாது.

"முழுசா ஊதி அனுப்பக் கூடாது. கீள ரெண்டு ஊது போதும். மேல போகப் போக அதுவே பொங்கிக்கிடும், ஒலையில சோறு பொங்குற மாதிரி. உருளையக் கையில புடிக்கணும், இடுப்புல மாட்டிறக் கூடாது. கயிறு சிக்குச்சுன்னா கைய விட்டுறலாம். இடுப்ப எங்கிட்டு விட?"

இதையெல்லாம் எங்கள் தெருவில் பால் ஊற்ற வருபவருக்கும் சொல்லியிருக்கிறார். பால்காரர் தன் வாழ்நாளில் கண்மாயில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

அவரிடம் பழைய மிதவைகள் வேறு இரண்டு இருந்தன. ஒன்று குட்டையானது, அடிப்பக்கம் திறந்திருக்கும், சாய்ந்தால் காற்றெல்லாம் போய்விடும். இன்னொன்று ஒல்லியாக ஓர் ஆளைவிட நீளமாக இருக்கும். கடலில் அதுதான் நல்லது என்பார். அங்கே படகிலிருந்து தூரத்தில் தேடுவார்கள், நிமிர்ந்து நிற்பதுதான் கண்ணில் படும். குவாரியில் தலைக்கு மேலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் ஒல்லியானது ஒரு பொட்டு மாதிரி இருக்கும். அதனால் பருமனானது, அடி மூடியது, காற்று மிஞ்சினால் தானே வெளியே விடுகிற அடைப்பான் வைத்தது என்று பார்த்துப் பார்த்து இந்தச் சிவப்பை எடுத்தார். எல்லாவற்றையும் யோசித்தவர் நிறத்தை மட்டும் யோசிக்கவில்லை. கடலில் சிவப்புதான் நன்றாகத் தெரியும் என்று பழகியிருந்தார்.

அவர் மனைவி யோகேஸ்வரி மதினி வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறார். தெருப் பெண்கள் எல்லோருக்கும் அவர்தான் ஜாக்கெட் தைக்கிறார். அப்போதெல்லாம் அண்ணன் மழித்த முகத்தோடு கிளம்பிவிட்டால் மதினி மிஷினில் உட்கார்ந்துவிடுவார். அண்ணன் திரும்பும்வரை பேச்சு கிடையாது, மிஷின் சத்தம் மட்டும் கேட்கும். சில நாள் துணியே இல்லாமல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். குழிப் பக்கம் அவர் போனதே இல்லை. ஒரே ஒரு நாள் என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் அடைத்திருந்த சமயம். நான் வேலை பார்க்கும் பட்டாசு லேபிள் பிரஸ்ஸிலும் ஆர்டர் இல்லாமல் லீவு விட்டிருந்தார்கள். தாயில்பட்டிப் பக்கம் இரண்டு குழிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று தண்ணீர் நிரம்பியது. மற்றதில் இன்னும் கல் உடைக்கிறார்கள். நடுவே ஒரு பாறைச் சுவர். தண்ணீர்க் குழியில் அய்யாதுரை என்கிற விவசாயி டிரம்களைக் கட்டி மிதக்கவிட்டு, அதன்மேல் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். டிரம் பிய்ந்துகொண்டு, மோட்டார் கேபிளோடு அடியில் போய்விட்டது. ஒரு பனை ஆழம். வேலை இல்லாத சீசன் என்பதால் வேடிக்கை பார்க்க நல்ல கூட்டம். நாங்கள் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தோம்.

வேலை செய்கிற முறை இதுதான். அண்ணன் இறங்கி மோட்டாரில் வடத்தைக் கட்டுவார். கட்டியதும் விலகிப் போய் வேறு இடத்திலிருந்து மிதவையை விடுவார். மிதவை ஆடாமல் நின்றால், நான் ஒதுங்கிவிட்டேன், இழுக்கலாம் என்று அர்த்தம். அது முங்கி முங்கி எழுந்தால், ஏதோ கோளாறு, வடத்தைத் தளர்த்துங்கள் என்று அர்த்தம். மதினியின் தம்பி ஊர்க்காவலன் வடத்தை டிராக்டரில் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். மிதவை வந்து நின்றது. டிராக்டர் முன்னால் நகர்ந்தது. வடம் விறைத்துக்கொண்டு மேலே வந்தது.

கீழே நடந்தது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். மோட்டார் மேலே எழும்பியபோது அதோடு வந்த கேபிள் அண்ணனின் சிலிண்டரில் சுற்றிக்கொண்டது. டிராக்டர் இழுக்க இழுக்க அது இறுகியது. கம்பி பின்னிய தடித்த கேபிள், கத்தியால் அறுபடாது. அவர் மிதவையின் கயிற்றைப் பிடித்துச் சுண்டினார்.

மேலே நின்ற நாங்கள் பார்த்தது, தண்ணீருக்கு நடுவே ஒரு சிவப்பு முங்கி எழுந்து ஆடியதைத்தான்.

பக்கத்துக் குழியில் பாறைக்கு வேட்டு வைக்கும் முன்னால், குச்சியில் கட்டிய சிவப்புத் துணியை ஒருவர் ஆட்டுவார். கண்டவுடனே லாரிக்குப் பின்னாலோ பாறைக்குப் பின்னாலோ போய்க் குனிந்து காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். வெடித்த பிறகு விசில் ஊதுவார்கள். அதற்கப்புறம்தான் எழலாம். அந்தக் குவாரியில் மட்டுமல்ல, பட்டாசுக் கம்பெனிகளிலும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். யாராவது ஓடு என்றால் ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்காமல் ஓடியவர்கள்தான் இந்தப் பக்கத்தில் வீடு திரும்பியிருக்கிறார்கள்.

கூட்டத்தில் யாரோ ஒருவர் "வேட்டு" என்றார். கத்தக்கூட இல்லை. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. வேடிக்கை பார்த்தவர்கள், குவாரி வேலையாட்கள், மோட்டாருக்குச் சொந்தக்காரர் எல்லோரும் ஓடினார்கள். ஊர்க்காவலன் பிரேக்கைப் போட்டுவிட்டு டிராக்டரிலிருந்து குதித்து ஓடினார். அந்த மிதவையை அக்காள் வீட்டு முற்றத்தில் அவர் எத்தனையோ தடவை கையில் தூக்கிப் பார்த்திருக்கிறார். ஆனால் கால் முந்திக்கொண்டது. ஒரு பெண் மதினியின் கையைப் பிடித்து இழுக்க, மதினி என் கையைப் பிடித்து இழுக்க, நாங்களும் கல் லாரிக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டோம். சாப்பாட்டுத் தூக்கு எங்கேயோ உருண்டு போனது.

காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தோம். வெடிக்கவில்லை.

திரி ஈரமாக இருந்தால் வேட்டு தாமதமாகும். ஏன் வெடிக்கவில்லை என்று எழுந்து பார்க்கப் போனவர்களைப் பற்றி இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை உண்டு. அதனால் வெடிக்காமல் போன ஒவ்வொரு நொடியும் எங்களை இன்னும் குனியவைத்தது. யாரும் தலையைத் தூக்கவில்லை. ஒரு பனை ஆழத்தில் ஒரு மனிதர், சிலிண்டரில் கேபிள் சுற்றி, தலைக்கு மேல் மோட்டார் தொங்க, நாங்கள் வடத்தைத் தளர்த்துவோம் என்று காத்திருந்தார். நாங்கள் வராத ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தோம்.

மதினிதான் முதலில் முகத்தைத் திருப்பினார். அவருக்கு அந்தப் பக்கம் தங்கப்பாண்டியன் உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குள் தலையைப் புதைத்து இரண்டு கையாலும் காதை அடைத்திருந்தார். அந்தக் குவாரியில் வேட்டு வைப்பவர் அவர். அவரைத் தவிர வேறு யாரும் திரியைத் தொடக் கூடாது. அன்றைக்கு அவரும் வேலை இல்லாமல் வேடிக்கை பார்க்க வந்தவர்தான்.

மதினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

"அண்ணே, நீங்க இங்கன இருக்கீக. அங்கன வேட்டு வைக்கிறது யாரு?"

அவர் காதில் விழவில்லை. மதினி அவர் கையைப் பிடித்துக் காதிலிருந்து இழுத்து, அதையே மறுபடியும் கேட்டார். தங்கப்பாண்டியன் தன் கையையே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து குழியைப் பார்த்து ஓடினார். மதினி அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

மிதவை ஆடுவதை நிறுத்தியிருந்தது. பாதி முங்கி, ஒருக்களித்துக் கிடந்தது. அண்ணன் விடும் மூச்சு குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது எப்போதாவது ஒன்றிரண்டு வந்தது. ஊர்க்காவலன் டிராக்டரைப் பின்னால் எடுத்தார். அவசரத்தில் வண்டி உறுமி நின்றுபோனது. மறுபடியும் ஸ்டார்ட் செய்தார். விறைத்திருந்த வடம் தொய்ந்தது. தொய்ந்த பிறகும் தண்ணீர் அப்படியே இருந்தது. மதினி கரையின் விளிம்பில் நின்றார். இரண்டு பெண்கள் பின்னாலிருந்து அவர் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு மிதவை சட்டென்று நிமிர்ந்தது. அதன் பக்கத்தில் அண்ணனின் தலை வந்தது. வாயில் இருக்க வேண்டிய குழல் தனியாகத் தொங்கியது. மூக்கிலிருந்து ரத்தம். மிதவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலே பார்த்தார். கோபம் இல்லை. வீடு பூட்டியிருப்பதைக் கண்டு வாசலில் நிற்பவர் மாதிரிதான் கேட்டார்.

"எங்கன போனீக எல்லாரும்?"



வழக்கமாகப் பாதி வழியில் கொஞ்ச நேரம் நின்று, உடம்பில் சேர்ந்த காற்று அடங்கிய பிறகுதான் மேலே வருவார். அன்று நிற்பதற்கு மூச்சு இல்லை. வலது காதில் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆறும்வரை தண்ணீரில் இறங்கக் கூடாது என்று விருதுநகரில் டாக்டர் சொன்னார். ஊர்க்காவலன் பல நாள் அக்காள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அண்ணன்தான் தேடிப் போய்க் கூட்டிவந்தார். "நான் மேல நின்னுருந்தா நானும்தான்லே ஓடியிருப்பேன். அது செவப்புல்ல" என்று அவரிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

மதினி அதற்கப்புறம் அழவில்லை, சண்டையும் போடவில்லை. இனிமேல் நீங்கள் தண்ணீரில் இறங்கினால் நான் எங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அண்ணன் மூச்சை நீளமாக விட்டார். அதற்குப் பின்னால் பதில் வரவில்லை. அவர் முகத்தில் தாடி வளர்ந்தது. மோட்டார் விழுந்தது என்று வந்தவர்கள் தாடியைப் பார்த்ததும் கேட்காமலே திரும்பிப் போனார்கள்.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸுக்கு வந்து நின்றார். ஃபோர்மேன் ராம்குமாரிடம், நம்ம பக்கத்தில் எந்தக் கலரைப் பார்த்தால் சனம் ஓடாது என்று கேட்டார். ராம்குமார் எதையும் கேலியாகத்தான் பேசுவார்.

"பச்சை போட்டீகன்னா பசுமைப் பட்டாசுன்னு நெனச்சு அதிகாரிக சோதிக்க வந்துருவாக. ரோஸ் போட்டீகன்னா கல்யாண வீடுன்னு சோத்துக்கு வந்துருவாக."

"வரட்டும்யா. வந்தாப் போதும்" என்றார் அண்ணன்.

ராம்குமாருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கழிவுத் தாளில் ஒவ்வொரு கலரிலும் ஒன்று எடுத்துக் கொடுக்கச் சொன்னார். நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன். அண்ணன் அவற்றை ஒவ்வொன்றாகக் குழிக்குள் விட்டு, மேலே நின்று பார்த்திருக்கிறார். பச்சை, பாசித் தண்ணீரோடு போய்விட்டது. நீலம் வானத்தின் நிழலோடு போய்விட்டது. ரோஸும் ஆரஞ்சும் ஏற்கெனவே குழியில் மிதந்த பட்டாசு உறைகளோடு கலந்துவிட்டன. மஞ்சள் மட்டும் தனியாகத் தெரிந்தது. அந்தமானில் அவர் இருந்த கம்பெனியிலும் மஞ்சள் மிதவை மேலே வந்தால் கீழே ஆபத்து, உடனே வா என்றுதான் அர்த்தமாம். அங்கே இருக்கும் பழைய கூட்டாளிக்குச் சொல்லி மஞ்சளில் ஒன்று பார்சலில் வரவழைத்தார். பருமன் கூடுதல், அடி மூடியது.

அதன்மேல் பெரிதாக 'ஆள்' என்று அச்சடிக்க வேண்டும் என்றார். ராம்குமார் பழக்க தோஷத்தில், "பக்கத்துல ஒரு மயில் படம் போட்டுருவமாண்ணே?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எழுத்து மட்டும் அடித்தோம். தண்ணீரில் போட்டு எடுத்ததும் மை தோல் தோலாக உரிந்து வந்தது.

அப்போதுதான் மதினி, அதைக் கொடுங்கள், நான் தைத்துத் தருகிறேன் என்று கேட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கறுப்புத் துணியில் இரண்டு எழுத்தையும் முழ உயரத்துக்கு வெட்டி, மதினி மிஷினில் வைத்துச் சுற்றிலும் தையல் போட்டார். ஜாக்கெட் கழுத்துக்குப் போடுவதைவிட நெருக்கமான தையல். மறுநாள் காலை, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அண்ணன் முகத்தை மழித்தார். மிதவையை ஊதிக் கன்னத்தில் வைத்தார். வைத்த கையோடு எடுத்துவிட்டார். ஊசி இறங்கிய இடமெல்லாம் காற்று வந்தது.

மதினி கீழே உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"தச்சா ஓட்டை விளும்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும். ஓட்டை இருந்தா நீங்க போக மாட்டீகள்ல."

அண்ணன் காற்றை முழுவதும் வெளியேற்றி, மிதவையைப் பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி, பரணில் வைத்தார். மறுபடியும் தாடி வளர்ந்தது. அந்த வீட்டில் பேச்சு குறைந்துபோனது. எனக்குச் சுவர்ப் பக்கம் நிற்கவே கூச்சமாக இருந்தது.

போன வருடம் கோடையில் எம். புதுப்பட்டியிலிருந்து அய்யம்மாள் என்கிற ஒரு பெண் வந்தார். குழியில் குளிக்கப் போன அவருடைய மகன் திரும்பவில்லை. பாதாளக் கரண்டி போட்டும் ஆட்கள் முங்கியும் தேடிப் பார்த்துவிட்டார்கள். யாரோ அண்ணன் பெயரைச் சொல்லி, ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அண்ணன் தாடியோடு வாசல் திண்டில் உட்கார்ந்திருந்தார். அய்யம்மாள் அவரிடம் எதையும் கேட்கவில்லை. வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மதினி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சொம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. குடியுங்கள் என்று மதினி மறுபடியும் சொன்னார்.

"எம்புள்ள தண்ணிக்குள்ள கெடக்கான். எனக்கு எப்பிடித்தா இது எறங்கும்?"

மதினி உள்ளே போனார். பரணிலிருந்து எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. சுருட்டிய மிதவையோடு முற்றத்துக்கு வந்து உட்கார்ந்தார். பிளேடை வைத்துத் தான் போட்ட தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். என்னைப் பார்த்து, "சைக்கிள் கடையில பஞ்சர் சொலூசனும் பழைய டியூப்பும் வாங்கிட்டு வா" என்றார். ஓடிப்போய் வாங்கி வந்தேன். எழுத்தின் விளிம்பு நெடுகிலும் ரப்பர்ப் பட்டை வெட்டி ஒட்டினார். காய்ந்ததும் எழுத்தை அதன்மேல் பசையால் ஒட்டினார். ஊதினார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கசிந்த இடத்தை நகத்தால் கீறி அடையாளம் வைத்து மறுபடியும் ஒட்டினார். அண்ணன் எழுந்து வரவில்லை. கையைக்கூட நீட்டவில்லை. மதினி மூன்றாவது தடவை கன்னத்தில் வைத்து, வெகுநேரம் கண்ணை மூடியிருந்து, பிறகு அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அதற்கப்புறம்தான் அண்ணன் சவரக் கத்தியைத் தேடினார்.

குழிக்கு மதினியும் போனார். கரையில் நின்றிருந்த கூட்டத்தைப் பார்த்து, அண்ணன் இறங்குவதற்கு முன்னால் பேசினார். அவர் சத்தமாகப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"மஞ்ச மேல வரும். வந்தா ஓடாதீக. வேட்டு இல்ல. எங்க வீட்டுக்காரரு கீள இருக்காருன்னு அர்த்தம்."

அண்ணன் முங்கினார். குமிழ்கள் குழியின் ஓரமாக நகர்ந்துகொண்டே போயின, பாறை நிழலுக்குள் மறைந்தன, வேறோர் இடத்தில் வந்தன. அய்யம்மாளின் கையிலிருந்த சொம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது. அதை அவர் ஆட்டோவிலும் கொண்டு வந்திருந்தார். மஞ்சள் மேலே வந்து நிமிர்ந்தபோது கூட்டத்தில் இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள். மதினி திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். மிதவை ஆடவில்லை. பாதி வழியில் அவர் நின்றிருந்த அவ்வளவு நேரமும் அது ஆடாமல், 'ஆள்' என்ற எழுத்து எங்கள் பக்கம் திரும்பியபடி நின்றது. மதினி கண்ணை அதிலிருந்து எடுக்கவே இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் அய்யம்மாள் தன் மகனை ஊருக்குக் கொண்டுபோனார்.

இப்போது அண்ணனுக்கு வலது காது பாதிதான் கேட்கிறது. அந்தப் பக்கம் நின்று பேசினால் முகத்தைத் திருப்புவார். சிவப்பு மிதவையைக் காற்றடைத்து மக்காச்சோளக் காட்டில் மயில் விரட்டக் கட்டியிருக்கிறார்கள். அதைக் கண்டு மயில்கள் ஓடுகின்றன. அவர் இறங்குகிற நாளில் கரையில் மதினி நிற்கிறார். கூட்டத்திடம் அதே நாலு வார்த்தையைச் சொல்கிறார். அம்மா வீட்டுப் பேச்சு அப்புறம் எழவில்லை.

மஞ்சள் மிதவையை ஊதுவது அண்ணன். கன்னத்தில் வைத்துப் பார்ப்பது யோகேஸ்வரி மதினி. அவர் கண்ணை மூடி, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அதை நகர்த்தி முடித்துத் தலையசைக்கும்வரை, அண்ணன் தாடியில் சோப்பு நுரையோடும் கையில் கத்தியோடும் முற்றத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.